செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர்

ஒரு தொழிலாளிக்கு எத்தனை பெயர் என்பது அவர் வேலையிலிருந்து நிற்கும் நாளில்தான் தெரிய வருகிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, தேசிய அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று. லயத்தில் கூப்பிடுவது நான்காவது. கொழுந்து நிறுக்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் கேட்டதில்லை. சேமலாப நிதி வாங்கப் போகும்போது மட்டும் எல்லாம் ஒரே எழுத்தில் இருக்க வேண்டுமாம்.

எங்கள் பகுதியில் 30 வருடத்துக்கு மேல் மலை ஏறிய ஒரு அம்மா, ஈ.பி.எப். காசுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறார். செக்ரோலில் இருப்பது அவருடைய அக்காவின் பெயர். அக்கா கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போனபோது, அந்தப் பெயரிலேயே தங்கச்சியை வேலைக்குப் பதிந்தார்கள். அன்றைக்கு இருந்த கிளாக்கருக்கோ கணக்கப்பிள்ளைக்கோ இது தெரியாத சங்கதி அல்ல. ஆள் வேண்டியிருந்தது, பதிந்தார்கள். இன்றைக்கு அதே காரியாலயம், "இந்தப் பெயரில் உள்ளவர் நீங்கள்தானா? அத்தாட்சி கொண்டு வாருங்கள்" என்று கேட்கிறது.

இதில் சிக்கியிருக்கும் காசு எவ்வளவு என்று பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி நம் சம்பளத்தில் குறைந்தது 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் மாதா மாதம் போக வேண்டும். ஈ.டி.எப். நிதிக்கு நிர்வாகம் தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். இவை தவிர சேவைக்காலப் பணம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா, சேவை 30 வருடம் என்று வைத்துக்கொண்டால் 5,67,000 ரூபா. வேலை நின்று 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. லயத்தில் இருக்கும் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் ஒரே தடவையாகக் காணும் பெரிய தொகை இதுதான். அது ஒரு எழுத்துப் பிழையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

"தொழிலாளர்கள் பத்திரங்களைக் கவனிப்பதில்லை, படிப்பறிவு இல்லை" என்று துரைமார் மட்டுமல்ல, நம்முடைய சில தலைவர்மாரும் சொல்வார்கள். எனக்கு இது பிடிக்காத பேச்சு. இந்தப் பெயர்களை யார் எழுதினார்கள்? முந்திய காலத்தில் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பதிவாளருக்கு விபரம் அனுப்பியது தோட்டக் காரியாலயம். பதிவாளர் தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதினார். கிளாக்கர் தனக்கு வந்தபடி இங்கிலீசில் எழுதினார். ராமசாமி ஒரு இடத்தில் ராமன், ஒரு இடத்தில் சாமி. அடையாள அட்டை விண்ணப்பத்தில் உறுதிப்படுத்தி ஒப்பம் வைத்ததும் பெரும்பாலும் துரைதான். 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புத்தகம் மாறியது, ஈ.பி.எப். இலக்கமும் மாறியது. இப்படி இரண்டு மூன்று இலக்கம் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். இதில் எந்த எழுத்தை எழுதியது தொழிலாளி?

ஆனால் திருத்துகிற செலவு முழுவதும் தொழிலாளி தலையில். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், பிரதேச செயலகம், பிறகு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ தொழில் காரியாலயத்துக்கு பஸ். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது. களைத்துப் போனவர்களைப் பிடித்து, "நான் எடுத்துத் தருகிறேன், எனக்கு இவ்வளவு" என்று பங்கு கேட்பவர்களும் டவுனில் இருக்கிறார்கள்.

பெயரை எழுதிய நிர்வாகமே அதைத் திருத்திக் கொடுக்கவும் வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. அதுவும் தொழிலாளி வேலையில் இருக்கும்போதே. ஒவ்வொரு டிவிஷனிலும் செக்ரோல் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஈ.பி.எப். இலக்கம் மூன்றையும் எழுதி வருடத்துக்கு ஒரு தடவை பிரட்டுக்களத்தில் ஒட்டச் சொல்வோம். பிழை கண்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று தோட்டக் காரியாலயம் கடிதம் கொடுக்க வேண்டும். பெயர் பதிந்த கிளாக்கர் இருக்கும்போதே, கூட வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இது சுலபம். ஓய்வுக்குப் பிறகு சாட்சி தேடுவது பெரும்பாடு. சம்பளத்துக்குக் கொடி பிடிக்கும் நாம் இதை ஒரு கோரிக்கையாக மேசையில் வைத்ததே குறைவு. வரும் பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டும்.

நம் வீட்டுக்குள் இருக்கும் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பந்தல் போட்டு விருந்து வைக்கிறோம், பதிவாளரிடம் போவதில்லை. வழக்கப்படி கட்டிய தாலியும் சட்டத்தின் முன் விவாகம்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் புருஷன் இறந்த பிறகு அதை ஒப்புக்காட்ட வேண்டியது அந்தப் பொம்பளை. கையில் விவாக அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் இன்றைக்குப் போய்ப் பதியலாம். இன்றைய திகதிதான் விழும், விழட்டும். ஒருவர் கண்ணை மூடிய பிறகு பதிய வழியில்லை. அதுபோல, நாம் இறந்தால் ஈ.பி.எப். காசு யாருக்கு என்று 18 வயதில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள், கலியாணம் முடித்துப் பிள்ளை குட்டி கண்ட பிறகும் அதை மாற்றவில்லை. காசு கொடுக்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வருடா வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பை வருகிறது, பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள், நன்றி. ஒரு வருடம் பைக்குப் பதிலாக ஒரு சட்டத்தரணியையும் பதிவாளரையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் இந்த லயத்தில் உட்காருங்கள். பஸ் செலவையும் சத்தியக்கடதாசிச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். போட்டோவுக்கு அழகாக இருக்காதுதான்.

பள்ளிக்கூடத்தில் நான் காண்பதும் இதன் தொடர்ச்சியே. அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும் வயதில்தான் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் பிழை என்று தெரிகிறது. பரீட்சை நெருங்கும் நேரத்தில் பிள்ளை பதிவாளர் வாசலில் நிற்கிறது. முதலாம் ஆண்டில் சேர்க்க வரும்போதே தாய் தகப்பனின் அடையாள அட்டையையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் டீச்சரிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடைசிச் சம்பளத் துண்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பியில் பிழைகளைக் குறித்துக்கொள்ளட்டும். ஐம்பது வயது தாண்டியவர்களை முதலில் எடுங்கள்.