தைக்கும் விரல் வெடிக்குதா? ராத்திரி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க!

சாட்டின் துணியைத் தொட்டால் விரல் நுனியில் நூல் மாட்டி இழுபடும். வெள்ளைக் காட்டனில் எங்கிருந்தோ ஒரு ரத்தப் புள்ளி விழும். ரசம் சோறு பிசைந்தால் கட்டை விரல் சுள்ளென்று எரியும். தையல் மெஷின் ஓடும் வீடுகளில் இந்தப் புலம்பல் புதிதல்ல.

சென்னையின் மேற்குப் புறநகரில் தையல் தெரிந்த கைகள் அதிகம். ஆவடியில் 1961-ல் தொடங்கிய படை உடைத் தொழிற்சாலை ராணுவத்துக்குச் சீருடை தைக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்மென்ட்ஸ் கம்பெனிகள் இருக்கின்றன. பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு பிளவுஸ் தைக்கும் பெண்கள் உண்டு. பிட்டுத் துணிகளை இணைத்துக் குழந்தைப் போர்வை, குஷன் உறை, ‘குவில்ட்’ என்று ஆர்டர் எடுப்பவர்களும் உண்டு. இந்தக் குவில்ட் வேலைதான் விரலுக்கு அதிக சோதனை. துண்டு துண்டாக வெட்டி, அயர்ன் செய்து, இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டி முடிக்கும்வரை விரல் நுனி துணியை விட்டு விலகாது.

‘டெய்லர் கைன்னா அப்படித்தான் இருக்கும்’ என்று நாமே விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை.

விரல் நுனி மட்டும் ஏன்?

முகத்திலும் தலையிலும் எண்ணெய் சுரப்பிகள் ஏராளம். உள்ளங்கையிலும் விரலின் ரேகைப் பக்கத்திலும் அவை கிடையாது. அங்கே தோலின் மேலடுக்கில் இருக்கும் கொஞ்சம் கொழுப்புதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் பார்க்கிறோம் இல்லையா? திரியும் பருத்திதான், நம் கையில் இருக்கும் துணியும் பருத்திதான். நாள் முழுக்க நாம் துணியைத் தடவத் தடவ, இருக்கிற எண்ணெய்ப் பசையைத் துணி எடுத்துக்கொள்கிறது.

அதோடு கடைத் துணியில் கஞ்சி இருக்கும். ‘சுருக்கம் விழாது’ என்று விற்கும் துணிகளில் ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சு இருக்கலாம். மார்க்கிங் சாக்பீஸ் தூள், அயர்ன் சூடு, கறை எடுக்கத் தொடும் தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்து தோலை இன்னும் காய வைக்கும். நூல் கோக்க ஒவ்வொரு முறையும் விரலை எச்சில் படுத்தினால், அது காயும்போது தோலின் ஈரமும் சேர்ந்து போகும்.

பிறகு அடுக்களை. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, துணி சோப்பு, பூண்டு உரிப்பது, எலுமிச்சை பிழிவது. பல வீடுகளில் போர் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். சென்னையில் கடுங்குளிர் கிடையாது, காற்றில் ஈரம் அதிகம். ஆகவே இங்கே விரல் வெடித்தால் குளிரைவிட வேலையையும் சோப்பையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தைக்கும் நேரத்தில்...

‘க்ரீம் தடவினால் துணியில் எண்ணெய்க் கறை படியுமே’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். சரியான காரணம்தான். அதனால் மருந்தை வேலை நேரத்தில் அல்ல, வேலை முடிந்த நேரத்தில் வையுங்கள். பகலில் பாதுகாப்பு மட்டும் போதும்.

புதுத் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்து வெட்டுங்கள். கஞ்சி போகும், பூச்சும் குறையும், பின்னால் துணி சுருங்குகிற பிரச்னையும் இருக்காது. வாடிக்கையாளர் துணியை அலச முடியாதென்றால், வெட்டி முடித்ததும் கையை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

வெடிப்பு உள்ள விரலில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காகித டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். வெடிப்பு விரியாது, துணியிலும் ரத்தம் படாது. பணம் எண்ணுகிறவர்கள் மாட்டும் ரப்பர் விரலுறையும் உதவும். ஆனால் உள்ளே வியர்த்து ஊறினால் கழற்றிவிடுங்கள். நூல் கோக்க, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி கோப்பானை வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஐந்து நிமிடம்

பாத்திரம் கழுவி, எல்லா வேலையும் முடிந்த பிறகு கையை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியை விரல் நுனிகளில் கொஞ்சம் தாராளமாகத் தடவுங்கள். பழைய காட்டன் சாக்ஸையோ கையுறையையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிடுங்கள். இந்த ஈரம்தான் சூட்சுமம். ஜெல்லி தானாக ஈரம் தராது. இருக்கிற ஈரம் போகாமல் மூடி மட்டும் போடும். காய்ந்த விரலில் தடவி ‘பலனே இல்லை’ என்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தோல் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் 10 சதவிகித யூரியா கலந்த க்ரீம் அதை மென்மையாக்கும். ஆனால் திறந்த வெடிப்பில் அது எரியும். முதலில் ஜெல்லியால் வெடிப்பை ஆற்றிவிட்டு, பிறகு யூரியாவுக்குப் போங்கள். வெடிப்பில்லாத விரலுக்குத் தேங்காய் எண்ணெயே நன்றாக உதவும்.

பகலிலும் கை கழுவிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தேய்த்து, ஊறும்வரை காத்திருந்து துணியைத் தொடுங்கள்.

இதெல்லாம் வேண்டாம்

வெடிப்பில் எலுமிச்சை, டூத்பேஸ்ட் எதுவும் வைக்காதீர்கள். தொங்கும் தோலைப் பிளேடால் சீவாதீர்கள். ‘ஒட்டிக்கிட்டா போதும்’ என்று சிலர் ஃபெவிக்விக் போன்ற சூப்பர் பசையை ஊற்றுகிறார்கள். அந்தப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறும். துணி வழியாகத் தோலைச் சுட்டுவிடும். மடி நிறைய பஞ்சும் காட்டனும் வைத்திருக்கும் நமக்கு அந்த விளையாட்டே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமும் அப்படித்தான். நாலு நாள் நன்றாக இருக்கும், தொடர்ந்து போட்டால் தோலே மெலிந்துவிடும்.

டாக்டரிடம் எப்போது?

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் ஆறவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். சீழ், வீக்கம், சிவப்பு இருந்தால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களும் காத்திருக்கக் கூடாது. சிறு வெடிப்பு வழியாகவே கிருமி புகுந்துவிடும்.

எந்த விரல், எந்தக் கை என்று கவனித்துச் சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம். இடது கையின் முதல் மூன்று விரல்களில் மட்டும் என்றால், துணியைவிடப் பூண்டு காரணமாக இருக்கலாம். வலக்கையால் உரிப்பவர்கள் பூண்டைப் பிடிப்பது அந்த விரல்களால்தான். ஒரே உள்ளங்கை முழுக்கச் செதில் செதிலாக உரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். கத்தரிக்கோல் பிடி படும் இடத்தில் மட்டும் அரிப்பு என்றால் நிக்கல் அலர்ஜி இருக்கலாம். இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிற கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் தங்கள் டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்தே தோல் சிகிச்சைக்கு எழுதி வாங்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. விரல் தேய்ந்து வெடித்தால் ரேஷன் கடையில் ரேகை பதியாது. ‘கையைத் துடைச்சுட்டு வைம்மா’ என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள், பின்னால் வரிசை முனகும். ஒரு விரல் பதியாவிட்டால் வேறு விரலை வைத்துப் பாருங்கள். ஆதாரில் கருவிழிப் பதிவும் இருப்பதால், அந்தக் கருவி இருக்கும் கடையில் அதைக் கேளுங்கள். விரல் ஆறினால் ரேகையும் பெரும்பாலும் திரும்பத் தெளிந்துவிடும்.

மெஷினுக்கு வாராவாரம் எண்ணெய் விடுகிறோம். அதை ஓட்டும் விரலுக்குத் தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் ஒதுக்குவது அதிகமில்லை. இன்றைக்கே ஆரம்பியுங்கள், தோழிகளே!