யாருக்கு முதலில்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் இரவு பகலென்றில்லாமல் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடுகின்றன. அடிபட்டவர்களை 108 வண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கின்றது. அங்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே நர்சு ஒருவர் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவைகளைப் பார்த்துச் சிகப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார். சிகப்புக்கு உடனே வைத்தியம். பச்சை காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்காக நர்சு வாங்கும் வசவு கொஞ்சநஞ்சமல்ல. "நாங்கள்தான் முதலில் வந்தோம்", "எங்கள் ஐயா யார் தெரியுமா?" என்கின்றார்கள். கோவிலில் முதல் மரியாதை, பந்தியில் முதல் இலை என்று பழகிய புத்தி வேறென்ன கேட்கும்?

கூச்சல் போடுகின்றவனுக்கு மூச்சு இருக்கின்றதென்பது அக்கூச்சலாலேயே தெரிகின்றது. சத்தமின்றிக் கிடக்கும் ஒப்பந்தக் கூலிக்கோ வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியலாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நாடி துடிதுடிப்பதையும், கைகால் சில்லிடுவதையும் நர்சின் விரல்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பச்சையென்று உட்கார வைத்தவரையும் அவர் மறுபடி மறுபடி பார்க்கிறார். பச்சை சிகப்பாக மாறுவதுமுண்டு.

பதவியைப் பாராமல் காயத்தைப் பார்த்து வைத்தியம் செய்வதை நெப்போலியன் படை வைத்தியர் லாரே 200 வருஷத்திற்கு முன்பே போர்க்களத்தில் நடத்திக் காட்டினார். நமது நாட்டிலும் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் அடிபட்டவன் எந்த ராஜ்யத்தானாயினும் முதல் 48 மணி நேர வைத்தியத்தை இலவசமாக்கிற்று. பீகார்க்காரனும் மானேஜரும் ஒரே வரிசைதான். காயமே வரிசையைத் தீர்மானிக்கின்றது.

ஆகையால் தோழர்களே, நினைவற்றவன் வாயில் சோடா ஊற்றாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நர்சைத் திட்டும் நேரத்தில், அடிபட்டது எத்தனை மணிக்கு, எதில் மோதினான், நினைவு எப்போது தப்பிற்று என்பதை அவரிடம் சொல்லுங்கள்.