இணையத்தில் மெய் காணல்

முற்காலத்தில் ஒரு பொருளைப் பற்றி ஆராய விரும்பியோர் நூலகம் நாடிச் சென்றனர், ஏடுகளைப் புரட்டினர், கற்றோரை வினவினர். இன்றோ, வினாவை எழுதி முடிக்கும் முன்னரே இணையத்தில் விடைகள் வந்து குவிகின்றன. தேடும் துன்பம் குறைந்தது. ஆயின், தேடிக் கண்டதைச் சோதிக்கும் பொறுப்பு மிகுந்தது.

பல இடங்களில் ஒரே செய்தி காணப்படின் அது மெய்யே என்று கருதுவோர் பலர். இக்கருத்துப் பொருந்துமா? 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் காலமானார். மும்முறை ஆஸ்கார் பரிசு பெற்றவர் அவர். அப்பொழுது, செய்தியாளர் இணையத்தை எவ்வளவு நம்புகின்றனர் என்று அறிய விரும்பினார் டப்ளின் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். தாமே புனைந்த வாசகம் ஒன்றை, மறைந்தவரின் கூற்றாக விக்கிப்பீடியாவில் எழுதி வைத்தார். சான்று இல்லை என்று கண்ட தொகுப்பாளர்கள் அதனை நீக்கினர். ஆயினும், அதற்குள் பல நாட்டு நாளிதழ்கள் அதனைத் தம் இரங்கற் கட்டுரைகளில் வெளியிட்டுவிட்டன. ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து அம்மாணவரே எழுதித் தெரிவித்த பின்னர்தான் பொய் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் 'கார்டியன்' இதழ் தன் பிழையை ஏற்றுத் திருத்திக்கொண்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? ஒரே கிணற்று நீரைப் பத்துக் குடங்களில் நிரப்பினால், கிணறு பத்தாகிவிடாது. இதழ்கள் பலவாயினும் சான்று ஒன்றே; அதுவும் பொய்ச் சான்று. மேலும், எவரும் எழுதலாம் என்று பலர் இகழும் விக்கிப்பீடியா சான்று கேட்டது. பெரும்புகழ் வாய்ந்த இதழ்களோ கேட்கத் தவறின. ஆதலின், இடத்தின் பெருமையை மட்டும் கொண்டு செய்தியை மதிப்பிடுதல் தகாது.

அங்ஙனமாயின் இணையத்தை அறவே ஒதுக்கிவிடலாமா? அது பேதைமை. அரசின் மக்கள்தொகைக் கணக்கும், அரிய பழம்பெரும் நூல்களும் இன்று அதன் வாயிலாகவே நம் கைக்கு எட்டுகின்றன. வேண்டுவது விலக்குதல் அன்று, வினவுதல். இதனை எழுதியவர் யார்? எப்பொழுது எழுதினார்? எங்கிருந்து அறிந்தார்? இம்மூன்றனுள் இறுதி வினாவே தலையாயது. ஒருவர் கூற்று என்றால், அவர் அதனை எங்கே, எப்பொழுது கூறினார் என்று காண வேண்டும். புள்ளிவிவரம் என்றால், அதனைத் திரட்டியவரின் வெளியீட்டையே நாட வேண்டும். மூலம் கிட்டாத செய்தி எத்துணை அழகியதாயினும், அதனை ஆய்வில் சேர்த்தல் கூடாது.

விரைந்து கிடைப்பது தகவல். ஆராய்ந்து கொள்வதே அறிவு. அதனை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்ளுதல் நம் கடமையாகும்.