பூட்டிய கடைக்கும் முழு வாடகையா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருபுறமும் பாருங்கள். கம்பெனிகள் வந்தபின் எழும்பிய வரிசை வீடுகள். ஓர் அறையில் நான்கைந்து தொழிலாளர்கள். கீழே டீக்கடை, செல்போன் கடை, பிரியாணிக் கடை. மாடியில் இருப்பவன் சம்பளம் வாங்கினால்தான் கீழே வியாபாரம். இரண்டும் நடந்தால்தான் வீட்டுக்காரருக்கு வாடகை.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. இந்தச் சங்கிலி ஒரே நாளில் அறுந்தது!

மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, கடன் தவணையைத் தள்ளிவைக்க வழிவிட்டது. முதலில் மூன்று மாதம். பிறகு ஆகஸ்ட் 31 வரை. மார்ச் 29-ல் மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த வாடகை தள்ளுபடியா, தவணையா? உத்தரவு சொல்லவில்லை. கடை வாடகையைப் பற்றி அதில் பேச்சே இல்லை! வங்கியில் கடன் வாங்கிக் கட்டியவருக்கு ஆறு மாத அவகாசம். வாடகைக்கு இருந்தவனுக்கு ஒரு மாதம். இது என்ன நியாயம்?

"ஆள் இல்லாவிட்டால் வாடகை தானாகக் குறையும்" என்கிறார்கள். யாருக்குக் குறையும்? நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 2020-ல் ஆட்கள் வெளியேற, வாடகை சரிந்தது. 2022-ல் முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. குறைந்த வாடகை, புதிதாக வீடு தேடி வந்தவனுக்கு. பழைய ஒப்பந்தத்தில் சிக்கியவனுக்கு அல்ல. நம் பகுதி அறைகளிலும் இதே கணக்குதான். நால்வரில் மூவர் ஊருக்குப் போய்விட்டால், எஞ்சியவன் தலையில் முழு வாடகை. காலி வீட்டுக்குத்தான் வாடகை குறையும். குடியிருப்பவனுக்குக் கடன்தான் ஏறும்.

மார்க்கம் என்ன சொல்கிறது? மரத்திலிருக்கும் கனியை விற்றபின் பேரிடர் அதை அழித்துவிட்டால், வாங்கியவரிடம் விலையைப் பெறக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). அச்சத்தாலோ போராலோ மக்கள் வராமல் போன குளியல் கூடம், சத்திரம் போன்றவற்றின் வாடகையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும் என்றார் இமாம் இப்னு தைமிய்யா. இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருவதிலும், விட்டுக்கொடுப்பதே சிறந்தது என்பதிலும் வேறுபாடு ஏது? (பார்க்க: அல்குர்ஆன் 2:280)

வியாபாரிகளே! நோய் வந்தபின் பேசினால் அது கெஞ்சல். வருவதற்கு முன் எழுதினால் அது உரிமை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தை அது கட்டாயமாக்குகிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: அரசு உத்தரவால் கடையோ கம்பெனியோ மூடப்பட்டால், அந்த நாட்களுக்கு வாடகை பாதி, அந்தப் பாதியும் தவணையில்.

வீடு கட்டி வாடகைக்கு விட்ட சகோதரர்களே! "எனக்கும் வீட்டுக் கடன் இருக்கிறதே" என்கிறீர்கள். உண்மைதான். அதனால்தான் முழுவதையும் விடச் சொல்லவில்லை. நஷ்டத்தைப் பங்கிடச் சொல்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். ரூ.706.50 கோடியில் கட்டியது. இனி உங்கள் அறைதான் கதி என்று எல்லாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இளைஞர்களே! இதைப் பள்ளிவாசல் கடைகளிலிருந்தே தொடங்குங்கள். வக்ஃப் வருமானம் அமானிதம். நெருக்கடி நாளில் முத்தவல்லி தன் இஷ்டப்படி விட்டுக்கொடுக்க முடியாது. எனவே வக்ஃப் வாரிய விதிகளுக்கு உட்பட்டு, முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வையுங்கள்.

அடுத்த நோய் நாள் குறித்துவிட்டு வராது. நம் ஒப்பந்தம் தயாராக இருக்கட்டும். அல்லாஹ் துணை நிற்பானாக!