சீயக்காய் போதும் இடமும் போதாத இடமும்

கோலார் தங்கவயலுக்கு நம் முன்னோர் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையில் இறங்கிய பின், வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். தாய்மொழியோடும் மாரியம்மன் திருவிழாவோடும் அவர்கள் கொண்டு வந்த இன்னொரு செல்வம் எண்ணெய்க் குளியல். சீயக்காய், வெந்தயம், மஞ்சள், பயத்தம் மாவு, வேப்பிலை என்று கூந்தலுக்கும் சருமத்துக்கும் வேண்டியதெல்லாம் வீட்டிலேயே இருந்தது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்புவது பல குடும்பங்களின் வாழ்க்கையாகிவிட்டது. எண்ணெய் தேய்த்து ஊற யாருக்கு நேரம் இருக்கிறது?

இந்த நிலையில் வீட்டு வைத்தியம் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "எல்லாம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, டாக்டர் எதற்கு?" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் பழைய காலத்து நம்பிக்கை" என்பது மறு கட்சி. இரண்டுமே சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து. முடிக்கும் தோலுக்கும் வரும் தொல்லைகளில் சில சமையலறையில் தீரும். சில ஆஸ்பத்திரியில்தான் தீரும். வேறு சில, அரசாங்கம் மனம் வைத்தால்தான் தீரும். எது எந்த இடத்துக்கு உரியது என்று தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

முதலில் சமையலறையைப் பார்ப்போம். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஒரு காலத்தில் தங்கவயலுக்குப் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் வந்தது. இன்று பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். பாறைக்குள் ஊறி வரும் அந்தத் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுதி. ரயில்வேயில் நீராவி என்ஜின்கள் ஓடிய நாட்களில் இந்த உப்பு நீர் பெரிய தலைவலி. கொதிகலனுக்குள் சுண்ணாம்பு போலப் படிந்து குழாய்களைக் கெடுக்கும். அதனால் தண்ணீரை மென்மையாக்கிய பிறகே ஊற்ற வேண்டியிருந்தது. இரும்புக்கே அந்தக் கதி என்றால் கூந்தலுக்குக் கேட்க வேண்டுமா?

உப்பு நீரில் சோப்புப் போட்டால், சோப்பும் கால்சியமும் சேர்ந்து கரையாத ஒரு பிசுக்கு உண்டாகும். வாளியின் விளிம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறதே, அதுதான். அதே பிசுக்கு முடியிலும் படிந்து, முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கு விழச் செய்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்ற இயற்கைப் பொருள். அது கால்சியத்தோடு சேர்ந்து அப்படிப் பிசுக்காவதில்லை. சீயக்காய்க் கரைசலில் லேசான புளிப்புத் தன்மையும் உண்டு. அது முடிக்கு ஏற்றது. நம் பாட்டிமார் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் கண்டு பிடித்தது சரியாகவே இருந்தது.

நியாயமாகப் பேசினால், ஷாம்பூவும் உப்பு நீரில் பிசுக்காவதில்லை. அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்த முன்னோடி, கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் என்ற தமிழரே. ஆகவே ஷாம்பூவைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. தலைக்குக் குளியல் சோப்புப் போடுவதைத்தான் விட வேண்டும். நேரமில்லாத சகோதரிகள் வாரம் ஒரு முறையாவது சீயக்காய் தேய்த்து, கடைசி இரண்டு சொம்புக்கு மழை நீரையோ, கொதிக்க வைத்து ஆற வைத்துத் தெளிந்த நீரையோ ஊற்றிக்கொள்ளட்டும். கொதிக்க வைத்தால் உப்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். செலவில்லாத வைத்தியம் இது.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முடி உடையாமல் காப்பது வேறு, புதிதாக முளைக்க வைப்பது வேறு. கடுமையான காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். கொரோனா காய்ச்சல் வந்த பலருக்கும் இப்படி ஆனது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும்! ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மூலிகைத் தைலங்களின் ரகசியம் பாதி இதில்தான் இருக்கிறது.

மஞ்சளைப் பற்றி நமக்கு ஒரு பெருமை உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவது தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் 1995ல் ஒரு காப்புரிமை வாங்கினார்கள். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வாதாடியது. 1997ல் அது ரத்தாயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் பொருள் என்ன? 'இது இந்தியர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி, புதிதல்ல' என்பதுதான். 'மஞ்சள் எல்லாத் தோல் நோயையும் தீர்க்கும்' என்று அங்கே யாரும் தீர்ப்பளிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மறக்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

அடுத்து ஆஸ்பத்திரிக்கு உரியவை. உடம்பில் வெளிறிய தேமல் போன்ற படை வந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், தயவு செய்து மஞ்சளையோ வேப்பிலையையோ அரைத்துப் பூசிக் காலம் கடத்தாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குக் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுமையாகக் குணமாகும். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல்கள் பாழாகும். படர்தாமரைக்கு மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் களிம்புகளில் பல, ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் அரிப்பு அடங்கும். பிறகு படை முன்னிலும் அதிகமாகப் பரவும்.

'மூலிகை' என்ற பெயரைக் கண்டும் ஏமாறக் கூடாது. கருப்பு மருதாணி என்று விற்கும் பொடிகள் பலவற்றில் கருமை தருவது மருதாணி அல்ல, பி.பி.டி. என்ற சாய ரசாயனம். சிலருக்கு முகமே வீங்கிவிடும். எலுமிச்சைச் சாறு இயற்கைதான். ஆனால் முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது சிவப்பாக்கும் க்ரீம்களில் சில. பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தங்கவயல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய ஆலைகளில் தங்கம் பிரித்ததே அப்படித்தான். அதே பாதரசத்தைத்தான் லேபிள் சரியில்லாத சில க்ரீம்களில் கலக்கிறார்கள். 2023ல் கேரளத்தின் மலப்புரம் பக்கத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்கள் கண்டார்கள். பெண்ணின் கல்யாணத்துக்காக நிறத்தை மாற்ற நினைத்துச் சிறுநீரகத்தைப் பறிகொடுப்பதா? கறுப்பு ஒரு நோயல்ல. அதற்கு மருந்தும் தேவையில்லை.

கடைசியாக, அரசாங்கத்தின் வேலை. தங்கவயலில் சயனைடு மலைகளை அறியாதவர் இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சயனைடில் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். ஆனால் நுண்ணிய கல் தூள் சிதையாது. காற்று வீசும் மாதங்களில் அது வீட்டுக்குள்ளும் தட்டுக்குள்ளும் வருகிறது. கண் எரிகிறது, தோல் அரிக்கிறது, நுரையீரலுக்கும் கேடு.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். தூசி படிந்த குழந்தையின் உடம்பில் நலங்கு மாவை நேராகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி அரைத்த கல். அதன்மேல் மாவு போட்டுத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விட்டு, பிறகு மாவைக் குழைத்து மென்மையாகத் தடவுங்கள். கடைசியில் ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

ஆனால் இதெல்லாம் தூசி வந்த பிறகு செய்வது. தூசி வராமல் தடுக்க எந்த அம்மியிலும் மருந்து அரைக்க முடியாது. 2024 ஜூன் மாதம், இந்தக் கழிவு மேடுகளில் 13ஐ மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் வரவேற்போம். அதே சமயம், தோண்டும் இடத்தில் நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். லாரிகளை மூடி ஓட்ட வேண்டும். தோண்டாத மேடுகளில் புல்லும் மரமும் வளர்த்து மண்ணைக் கட்ட வேண்டும். காற்றிலுள்ள தூசியை அளந்து ஊர் மக்களுக்குக் கன்னடத்திலும் தமிழிலும் அறிவிக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நம் கடமை.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது பழமொழி. நல்ல எண்ணெய் வாங்கி உடம்பைப் பேணினால் வைத்தியச் செலவு குறையும் என்பது உண்மையே. ஆனால் வாணியன் செய்ய முடியாததை வைத்தியனிடமும், வைத்தியனாலும் முடியாததை ஆட்சியாளரிடமும் கேட்க நாம் தயங்கக் கூடாது. நம் தமிழ்ச் சங்கங்கள் விழா மேடைகளோடு நிற்காமல், ஆண்டுக்கொரு முறை தோல் நோய் முகாமும் தண்ணீர்ப் பரிசோதனையும் நடத்தலாம். தூசித் தடுப்புக்கு ஒரு மனுவில் வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கலாம். சீயக்காயை நம் வீட்டில் நாமே இடித்துக்கொள்வோம். மற்றதைக் கேட்டுப் பெறுவோம்.