ஒடிந்த ஸ்க்ரூ யார் கணக்கில்?

நம்மவர்கள் பலர் வடக்கே பேங்க் வேலையில் இருக்கிறோம். தினமும் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரின் சலாமை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். அந்தத் துப்பாக்கி யாருடையது என்று யோசித்ததுண்டா? சில கிளைகளில் வங்கியுடையது. பல இடங்களில் அவருடையதே. ராணுவத்தில் ஓய்வு பெற்று, சொந்தப் பெயரில் லைசென்ஸ் எடுத்து, சொந்தக் காசில் வாங்கியது. துப்பாக்கி இருந்தால்தான் வேலை. அதனால் அதில் ஒரு ஸ்க்ரூ ஒடிந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

பிஸ்டலையே எடுத்துக்கொள்வோம். கைப்பிடியின் இரு பக்கத் தகடுகளையும் பிடித்திருப்பது குட்டி ஸ்க்ரூக்கள். தகடு ஆடுகிறதே என்று பொருந்தாத திருப்புளியால் முறுக்கினால், அதுவும் துருப்பிடித்திருந்தால், தலை கையோடு வந்துவிடும். தண்டு உள்ளேயே நின்றுவிடும்.

விஷயம் தெரிந்தவர் முதலில் துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்ப்பார். பிறகு துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருப்பார். ஸ்க்ரூ கழலாமலிருக்கப் பசை போட்டிருந்தால் சூடு காட்டி இளக்குவார். தண்டு வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால் குறடு போதும். இல்லையென்றால் நட்ட நடுவில் புள்ளி குத்தி, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளைப்பார். பல சமயம் அந்தச் சுற்றிலேயே தண்டு கழன்று வந்துவிடும். வராவிட்டால்தான் எக்ஸ்ட்ராக்டர். அது கடினமான எஃகு. அவசரப்பட்டால் அதுவும் உள்ளேயே ஒடியும். அதைத் துளைக்கச் சாதாரண பிட்டால் முடியாது. அசலைவிட வட்டி பெரிதான கதை!

இந்தக் கைப்பக்குவம் தெருமுனை வெல்டிங் கடையில் கிடைக்காது. சட்டமும் விடாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, அதற்கென லைசென்ஸ் உள்ளவர்தான் துப்பாக்கியைப் பழுது பார்க்கலாம். அப்படிப்பட்ட கடை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும். போக ஒரு நாள், வாங்கி வர ஒரு நாள். இரண்டு நாளும் சம்பளம் கிடையாது. ரிப்பேர் செலவும் அவர் தலையில். அப்புறம் ஏன் அவர் வெல்டிங் கடையைத் தேடமாட்டார்? அல்லது ஆடுகிற கைப்பிடியை டேப் சுற்றி ஓட்டமாட்டார்? அந்தத் துப்பாக்கியை நம்பித்தான் நம் பெட்டகமும் இருக்கிறது, கவுண்ட்டரில் நம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“அவர் சாமான், அவர் செலவு” என்பார்கள் நம் ஆபீசர்கள். சரி, நம் கார் யாருடையது? நம்முடையதுதான். பெட்ரோலுக்கு மட்டும் மாதாமாதம் வங்கியிடம் கிளெய்ம் போடுகிறோமே! வங்கி வேலைக்குப் பயன்படுகிற பொருள் என்ற அதே நியாயம் அந்தத் துப்பாக்கிக்குக் கிடையாதா?

1911 என்றே பெயர் வழங்கும் அமெரிக்கப் பிஸ்டலில் ஒரு ஏற்பாடு உண்டு. கைப்பிடி ஸ்க்ரூ நேராகச் சட்டத்தில் இறங்காது. தனியாகப் பொருத்திய ஒரு சின்னப் புஷ்ஷில்தான் இறங்கும். மரை கெட்டால் புஷ்ஷை மாற்றிவிடலாம், விலை உயர்ந்த சட்டம் பிழைக்கும். இரும்புக்கு இது நல்ல யோசனை. ஆனால் நம் ஏஜென்சி ஒப்பந்தங்கள் மனிதனையும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. தேய்மானம் எல்லாம் கடைசி ஆள்மேல். ரிப்பேராகும்வரை வேறு ஆளை நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஷரத்து: வருடம் ஒருமுறை லைசென்ஸ் உள்ள கடையில் சோதனை, ரிப்பேர் பில், அந்த நாட்களுக்குச் சம்பளம். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க உங்கள் மேசைக்கு வரும்போது எழுதிச் சேருங்கள். ஏசி சர்வீஸ் ஒப்பந்தத்துக்கு இதைவிட நீளமாக எழுதுகிறோம்.

டிஸ்கி: படித்துவிட்டு யாரும் வீட்டில் டிரில்லை எடுத்துவிடாதீர்கள்!