கீறுற பிள்ளைக்கு ஒரு டெப்லட்



என் வகுப்பில் ஒரு பிள்ளை. உம்மாட போனில் விரலால் அரபு எழுத்தணி கீறுகிறாள். "ஒரு ட்ரோயிங் டெப்லட் எடுத்துக் குடுங்களேன்" என்றேன். "விளையாட்டுச் சாமானுக்கு என்னத்துக்கு சேர் காசு?" என்றார் வாப்பா. போன பெருநாளைக்கு மகனுக்குப் புது போன் எடுத்தவரும் அவர்தான்.

திரையில்லாத சிறிய வயர்லெஸ் டெப்லட் ஒன்று நல்ல போனின் விலையில் ஒரு பங்குதான். அநேகமானவற்றின் பேனைக்கு பெட்டரி தேவையில்லை. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். விரலுக்கு அது வராது. கீறுவதற்கு 'கிரிட்டா' மென்பொருள் இலவசம். கை கீழே, கண் திரையில். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். உங்கள் கம்பியூட்டரோடு, போனோடு சேருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

"படம் கீறுவது கூடாதே" என்பவர்களும் உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய பேச்சை உலமாக்களிடம் விடுவோம். எழுத்தணியும் பூங்கொடியும் பள்ளிவாசல் சுவரிலேயே இருக்கின்றனவே!

கல்யாணக் கார்ட்டுக்கும் கடை போர்டுக்கும் வெளியூரில் ஆள் தேடுகிறோம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பிள்ளை நம் ஊரிலேயே இருக்கிறாள். மகனின் போனுக்கு யோசிக்காமல் கொடுத்த காசை, மகளின் கைக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம்?